எழும்ப மறுத்த குளம்

சனிக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேசையில், சம்பல் கோப்பைக்கும் மகளின் மடிக்கணினிக்கும் இடையில், உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. அதற்குள் எங்கள் குளம் உறங்கிக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்கு இது கனவில் கண்டது போலத்தான் இருக்கும். ஆனால் மகள் அப்படித்தான் சொன்னாள். அன்று முழுவதும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடமாடினேன்.

மகள் வவுனியாவில் கணினி படிக்கிறாள். நெளுக்குளத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நாங்கள் இருப்பது அக்கராயனில், குளக்கட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். கணவர் வயல் செய்கிறார். நான் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணினியில் கடிதம் அடிக்கவும் படிவம் நிரப்பவும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

கடைசி வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தானாக ஒரு வேலை செய்து காட்டவேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டது அக்கராயன் குளத்தை. மழை இப்படிப் பெய்தால் குளம் எப்போது நிரம்பும், நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கினால் தண்ணீர் முதலில் எந்தப் பக்கம் இறங்கும் என்று கணக்கிட்டுப் படமாகக் காட்டும் ஒரு நிரல். அந்த நிரல் ஓடுவது ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள். கணினிக்குள் இருக்கும் இன்னொரு கணினி அது என்று அவள் எனக்கு முன்பு ஒருமுறை விளக்கியிருந்தாள். அதற்கு இரும்பும் இல்லை, வயரும் இல்லை. முழுக்க முழுக்க எழுத்தால் ஆனது. ஆனால் தான் அப்படி என்று அதற்குத் தெரியாதாம். தானும் ஒரு கணினி என்றே நம்பிக்கொண்டு வேலை செய்யுமாம். இதைக் கேட்டபோது எனக்கு அதன்மேல் ஒரு இரக்கம் வந்தது.

அந்த இயந்திரத்தை அவள் தன்னுடைய கறுப்புப் பெட்டியில் வைத்திருந்தாள். கணினியில் செருகும் வன்தட்டு அது. படிக்கும் இடத்தின் ஆய்வுகூடத்தில் உள்ள கணினிகள் எல்லோருக்கும் பொதுவானவை, அவற்றில் எதையும் விட்டுவைக்க முடியாது. புதன்கிழமை கணக்கைத் தொடங்கிவிட்டாள். மாலையில் ஆய்வுகூடம் பூட்டும்போது இயந்திரத்தை அப்படியே உறங்க வைப்பாள். மறுநாள் காலை அதே கணினியில் பெட்டியைச் செருகி எழுப்புவாள். உறங்கியதே தெரியாமல் அது விட்ட இடத்திலிருந்து தொடருமாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அவளுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அம்மா, நான் இந்தக்கிழமை இஞ்சயே நிக்கட்டே? சனி ஞாயிறும் ஆய்வுகூடம் திறந்துதான் இருக்கும்."

"காலநிலைச் செய்தி பார்த்தனியே?"

"மழை எண்டுதான் சொல்லுறாங்கள். வெள்ளம் எண்டு சொல்லேல்லை."

"போன மாரியும் முதல்ல மழை எண்டுதான் சொன்னவங்கள்."

"சரி," என்றாள். "சாப்பிட வரேக்கயே மெசினைப் படுக்கப்போட்டிட்டன். அப்பிடியே கொண்டு வாறன். வீட்டில வச்சு ஓட்டலாம்."

போன மாரியில் குளம் வான் பாய்ந்தது. வீதி அறுந்தது. மின்சாரம் போனது. பிறகு தொலைபேசியும் போனது. சில நாட்கள் பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு பார்த்தால் ஒன்றும் நடந்திருக்கவில்லை. தங்கியிருந்த வீட்டின் மேல்மாடியில் பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டு பத்திரமாக இருந்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். என் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இருட்டிக்கொண்டு வரும்போதே நெஞ்சுக்குள் யாரோ சாமான் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

எதையும் அப்படியே கொண்டு வருவது எங்களுக்குப் பழக்கமான காரியம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒன்றையும் முடித்துவிட்டுப் புறப்பட நேரம் கிடைக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு சுருட்டிக்கொண்டு போனோம். ஒருமுறை பாதி வெந்த சோற்றுப் பானையை இறக்கி, பழைய சேலையால் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினேன். மகள் அப்போது சின்னப்பிள்ளை. மடியில் இருந்து மூடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேறொரு இடத்தில், வேறு கல்லில், ஈர விறகில் அந்தப் பானையைத் திரும்பவும் ஏற்றினேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்தச் சோறு கடைசிவரை வேகவில்லை. பசியில் தின்றோம்.

வீட்டில் இருந்த மடிக்கணினி என் தம்பி கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அவன் சில வருடம் பாவித்தது. சனிக்கிழமை காலை மகள் பெட்டியை அதில் செருகினாள். மெய்நிகர் இயந்திரங்களை ஓடவிடும் வசதி அதில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணினியை மூடித் திறந்து, நீலத் திரை ஒன்றுக்குள் போய் அதைச் சரிசெய்தாள். சும்மா பார்ப்பதற்காக வெறுமையான ஒரு புது இயந்திரத்தை உண்டாக்கினாள். அது உடனே எழும்பியது. அவள் முகம் தெளிந்தது. பிறகு உறங்கிக்கொண்டிருந்ததைத் தட்டினாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டது. நான் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். கோடு முடிவதற்குச் சற்று முன் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. நானும் குனிந்து வாசித்தேன். இந்தக் கணினியின் செயலியிடம் உள்ள வசதிகள், இயந்திரம் உறங்கவைக்கப்பட்ட கணினியின் செயலியிடம் இருந்த வசதிகளோடு பொருந்தவில்லை, ஆகவே தொடர முடியாது என்று இருந்தது. செயலி என்றால் கணினியின் மூளை என்பது எனக்குத் தெரியும்.

"என்ன பிள்ளை, பழுதாப் போச்சோ?"

"பழுதில்லை அம்மா. எழும்புதில்லை."

"இன்னொருக்காத் தட்டிப் பாரன்."

தட்டினாள். கோடு அதே இடம்வரை வந்து அதே இடத்தில் நின்றது. கணவர் வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார். "என்னவாம்? ஆர் எழும்புதில்லையாம்?"

"குளம் அப்பா."

"குளமோ? நான் இப்பதானே பார்த்திட்டு வாறன். முழிச்சுக்கொண்டுதான் கிடக்கு."

மகள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் ஈரக் காலோடு உள்ளே வந்து கதிரையை இழுத்து இருந்தார். அவள் எங்கள் இருவருக்கும் விளக்கினாள்.

"அங்க இருக்கிறது புதுக் கணினி. அதின்ர புரொசசருக்குச் சில கணக்குகளை ஒரே எட்டில செய்யத் தெரியும். இந்த லப்டொப் பழசு, இதுக்குத் தெரியாது. மெசின் முதல்முதல் எழும்பேக்க, உனக்கு என்னென்ன தெரியும் எண்டு புரொசசரிட்ட ஒருக்காக் கேக்கும். பேந்து கேக்காது. அதை நம்பிக்கொண்டே வேலை செய்யும். நான் நடுக்கணக்கில படுக்கப்போட்டு இஞ்ச கொண்டந்திட்டன். எழுப்பினால் அடுத்த எட்டு வைக்க நிலமில்லை. விழுந்துபோகும். அதாலதான் எழுப்பமாட்டன் எண்டு நிக்குது."

"விழ முதல் சொல்லுதெல்லே," என்றார் கணவர். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. உறக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றது அது. நான் விரலால் காட்டினேன். "இதை அமத்தினால்?"

"மெசின் எழும்பும் அம்மா. வடிவா எழும்பும். ஆனால் புதனிலயிருந்து ஓடின கணக்குப் போயிடும். குளம் பாதி நிரம்பினபடி நிக்குது. முடியிறவரைக்கும் அது ஒண்டையும் எழுதி வைக்காது. இடைக்கிடை எழுதி வை எண்டு நான் சொல்லியிருக்கோணும், சொல்லேல்லை."

"முதல்ல இருந்து ஓட்டினால்?"

"திங்கட்கிழமைக்கு முடியாது. திங்கட்கிழமை காட்டாட்டில் அடுத்த வருசம்தான்."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அந்தக் குளம் கண்ணுக்குத் தெரிந்தது. மீன் இல்லாத, எருமை இறங்காத, ஒருவரும் குளிக்காத குளம். மழை நடுவானத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் பாதிக்கு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எப்போது எழுப்புவோம் என்று காத்திருந்தது. எழுப்பத் தெரிந்த கை அங்கே வவுனியாவில். இங்கே நாங்கள்.

"அதை எழுப்ப அந்தக் கணினிதான் வேணும்," என்றாள் மகள். "நான் போகோணும்."

முதல் துளிகள் தகரத்தில் விழுந்தது அப்போதுதான். யாரோ கூரையில் பயறு கொட்டியது போல இருந்தது. நான் உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்தில் மருந்து, மீன், மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் எல்லாம் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துத்தான் அனுப்புவோம். மற்றப் பக்கத்தில் யாராவது வந்து நின்று வாங்கிக்கொள்வார்கள்.

"பெட்டியைக் கொண்டக்டரிட்டக் குடுத்துவிடுவம். உன்ர சிநேகிதப் பிள்ளை பஸ் ஸ்ராண்டுக்கு வந்து வாங்கி, அங்க எழுப்பட்டும்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குளத்தைக் கொண்டக்டரிட்டக் குடுத்துவிடவோ அம்மா?"

"அவன் அதுக்கு ஒரு முழு ரிக்கற் கேப்பான்," என்றார் கணவர். "தண்ணி நிரம்பின சாமான், பாரம் கூட."

"நீங்கள் சும்மா இருங்கோப்பா. பகிடிக்கு நேரம் பார்க்கிறியள்," என்றேன் நான்.

"அவளுக்கும் திங்கட்கிழமைதான் அம்மா காட்டுறது. தன்ர வேலையை விட்டுட்டு என்ர குளத்துக்குக் காவல் இருப்பாளோ? நான்தான் பக்கத்தில நிக்கோணும்."

"இந்த மழைக்கையோ?"

மேசையில் என் கை இருந்த இடத்திலிருந்து பொத்தான் தூரமில்லை. அமத்தினால் இயந்திரம் எழும்பும். பிள்ளை வீட்டில் நிற்பாள். ஒரு வருடம் பிந்தும், அவ்வளவுதானே. மழை ஓயும்வரை இதே கதிரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிந்தினால் என்ன, அடுத்த வருடம் காட்டலாம்தானே என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அவளும் அதைக் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"போன மாரி," என்றாள் மெதுவாக, திரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் எங்க இருக்கிறியளெண்டு எனக்கும் தெரியேல்லைத்தானே அம்மா. குளம் வான் பாயுது எண்டு மட்டும் ஆரோ சொல்லிச்சினம். தண்ணி எந்தப் பக்கத்தால இறங்கியிருக்கும், எங்கட வீட்டுப் பக்கமோ, வயல் பக்கமோ எண்டு அந்த மேல்மாடியில கிடந்து யோசிச்சுக்கொண்டே இருந்தனான். ஆரிட்டையும் கேக்க ஏலாது. அதுக்குத்தான் இதைச் செய்யிறன்."

அந்த நாட்களை நான் என்னுடைய நாட்களாகவே நினைத்து வைத்திருந்தேன். காத்திருந்தது நான், தேடியது நான் என்று. அந்த நேரத்தில் அங்கே ஒரு மாடியில் இன்னொருத்தி எங்களைத் தேடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். பாணும் வாழைப்பழமும் தின்றது மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

நான் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு துவாய் எடுத்து வந்தேன். பெட்டியை அதில் சுற்றினேன். அதன்மேல் ஒரு சொப்பிங் பை, அதற்கு மேல் இன்னொன்று. முடிச்சுப் போட்டேன். மகள் அதை வாங்கித் தன் பையின் அடியில் வைத்தாள். கணவர் மழைக்கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"பின்னால வடிவாப் பிடி பிள்ளை. ஊர்த் தண்ணி முழுக்க உன்னட்டத்தான் இருக்கு."

அப்போது அவள் சிரித்தாள். படலை தாண்டி அந்தச் சிரிப்பு மழைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிளிநொச்சியிலிருந்தே தகவல் சொன்னார். பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம், ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம், தான் சந்தைக்குப் போய்விட்டு மழை விட வருவாராம். நான் சமைத்தேன். சமைத்ததைச் சாப்பிடவில்லை. மழை கனக்கவுமில்லை, விடவுமில்லை. கதிரையில் சாய்ந்திருந்தேன். கண் தானாக மூடியது.

ஏ ஒன்பது வீதியில் ஒரு குளம் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் கண்ணாடிகள் வரை தண்ணீர் நின்றது, ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. பயணிகள் அதற்குள்ளேயே நித்திரை கொண்டார்கள். அவர்கள் மூச்சுவிட நீர்க்குமிழிகள் கூரையில் போய் ஒட்டின. மாங்குளத்தில் ஒருவர் இறங்கினார், அவருடைய சறம் நனைந்திருக்கவில்லை. கொண்டக்டர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து மகளிடம் ரிக்கற் கேட்டான். அவள் இரண்டு விரல் காட்டினாள். காடு இரண்டு பக்கமும் பின்னால் போனது. புளியங்குளம், ஓமந்தை. நான் வீதியோரம் நின்று கையசைத்தேன். எனக்கு அந்தக் கனவில் பயமில்லை. அதுதான் புதினமாக இருந்தது. விழித்தபோது மழை அதே சத்தத்தில் பெய்துகொண்டிருந்தது. என் நெஞ்சு வழக்கம்போல் அடித்துக்கொண்டது.

தொலைபேசியில் மகளின் அழைப்பு ஒன்று வந்து தவறியிருந்தது. மழை நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக நிற்பதில்லை. குடையை எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறினேன். புல் வழுக்கியது. கட்டின் மேலே போனதும் தொலைபேசி கையில் அதிர்ந்தது. காணொளி அழைப்பு.

முதலில் அவள் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சுவர், வரிசையாகக் கணினிகள், யாரோ ஒரு பெண்பிள்ளையின் பின்னல். பிறகு படம் திரும்பி ஒரு திரையில் நின்றது.

"அம்மா, பாருங்கோ. எழும்பிட்டுது."

அழகாக ஒன்றும் இல்லை. சாம்பல் நிலத்தில் நீலமாக ஒரு கறை, ஓரங்கள் பல்லுப் பல்லாக. ஆனால் எனக்கு அந்த வடிவம் தெரியும். இத்தனை வருடம் இந்தக் கட்டில் நடந்திருக்கிறேன். வளைவு வருகிற இடத்தில் வளைந்திருந்தது.

"ஒண்டும் கேக்கேல்லையோ? ஏன் என்னை இழுத்துத் திரிஞ்சனி எண்டு?"

"அதுக்குத் தெரியாது அம்மா. மூலையில மணிக்கூடு தெரியுதே? அதுக்கு இன்னும் வெள்ளிக்கிழமை மத்தியானம். நீங்கள் இன்னும் கோல் எடுக்கேல்லை."

நான் உற்றுப் பார்த்தேன். உண்மைதான். சிறிய எழுத்தில் முந்தைய நாள் நின்றது. அழைப்பு வராத, ஒருவரும் பயப்படாத ஒரு மத்தியானம். அந்த மத்தியானத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மாறியது. இயந்திரம் நேரத்தைச் சரிசெய்து சனிக்கிழமைக்கு வந்துவிட்டது. நீலம் ஒரு மயிரளவு அகன்றது.

"எப்ப முடியும்?"

"நாளைக்குப் பின்னேரம் முடியும்போல. இரவைக்குப் பூட்டேக்க படுக்கப்போட்டு, காலமை இதே கணினியில எழுப்புவன். அம்மா, மழை கூடினால்?"

அந்தக் கேள்வி எப்போதும் என்னுடையது. அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அது புதிதாகக் கேட்டது.

"கூடினால் அங்கயே நில். இதை முடி. முடிச்சுப்போட்டு, மெசினை வடிவா மூடிப்போட்டு, பேந்து வா."

"உண்மையாவோ?"

"ஓம்."

சொல்லிவிட்டேன். காற்று குடையை ஒரு பக்கம் இழுத்தது.

"நீங்கள் எங்க நிக்கிறியள்? காத்து இரையுது."

"கட்டில."

"குளக்கட்டிலயோ? இந்த மழைக்கையோ? அம்மா! உங்களுக்கு என்ன விசரே? இறங்கி வீட்ட போங்கோ. அப்பாவிட்டக் குடுங்கோ போனை."

"அப்பா சந்தையில. நான் தனியத்தான்."

"தனியவோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கோபத்தோடு மூச்சு விடுவது கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் யாரோ "ஆரடி, அம்மாவோ?" என்று கேட்டார்கள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"சரி. நிக்கிறது நிக்கிறியள். தண்ணி இப்ப எவ்வளவுக்கு நிக்குதெண்டு காட்டிப்போட்டு இறங்குங்கோ. என்ர கணக்குச் சரியோ எண்டு பார்க்கோணும்."

நான் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தொலைபேசியைக் குளத்தின் பக்கம் திருப்பினேன். மழை விழுந்து தண்ணீர் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். அலைகரையில் எருமைகள் முதுகு மட்டும் தெரிய நின்றன.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அம்மா. தண்ணி திறந்துவிடுற அந்தத் துருசு தெரியட்டும்."

கையை நீட்டிப் பிடித்தேன்.